இரண்டு மாட்டுக்குச் சமமான நண்டு

அரசு ஊழியர் ஒருவர் தம் மைத்துனன் பேச்சைக் கேட்கக் கூடாது என்று நன்னடத்தை விதிகளில் எங்கும் எழுதப்படவில்லை. நகராட்சி வரிப் பிரிவின் தலைமை குமாஸ்தாவுக்கு அந்த விதிகள் தலைகீழ்ப் பாடம். அதனாலேயே ஆபீசில் அவருக்கு ‘விதி சார்’ என்று பேர். எழுதாத விதியை அவர் எப்படிக் கடைப்பிடிப்பார்? ஆகவே கேட்டார்.

மைத்துனன் செல்போன் ரிப்பேர் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து கை கழுவும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“மாமா, இது சீட்டாட்டம் இல்ல. சண்டை அட்டை. போன்லயே இருக்கும். ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு பிராணி. நம்ம பிராணி அடுத்தவன் பிராணியை அடிச்சா முத்து குடுப்பாங்க. முத்தைக் காசாக்கிக்கலாம்.”

“அட்டை நம்மளுதுதான்னு யாரு சொல்றது?”

“பிளாக்செயின் சொல்லும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கும். யாராலயும் திருத்த முடியாது, அழிக்க முடியாது, தொலைக்க முடியாது.”

விதி சாருக்கு மெய்சிலிர்த்தது. அவர் ஆபீசில் இந்த மூன்றும் அன்றாடம் நடந்துகொண்டிருந்தன.

துணி துவைக்கும் மெஷினுக்காகச் சேர்த்த பணம் அன்று சாயங்காலமே ‘இரும்புக் கொடுக்கு நண்டு’ ஆனது. போன் திரையில் அது கொடுக்கை உயர்த்தி எல்லோருக்கும் வணக்கம் சொன்னது.

“மெஷின் துணியாவது துவைக்கும். இது என்னத்தைத் துவைக்கும்?” என்றாள் மனைவி.

“எதிராளியைத் துவைக்கும்கா,” என்றான் தம்பி.

நண்டு துவைக்கத்தான் செய்தது. மூன்று சண்டைக்கு இரண்டில் ஜெயித்தது. ஜெயித்தால் ஒரு முத்து. ஆனால் சண்டை போட்ட நண்டு சோர்ந்து படுத்துவிடும்; அதை எழுப்பத் தெம்பு மருந்து வாங்கவேண்டும். மருந்து இரண்டு முத்து. ஜெயிக்க ஜெயிக்கக் கையைக் கடித்தது. “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் மாமா,” என்றான் மைத்துனன். எப்போது வரை ஆரம்பம் என்று அவன் சொல்லவில்லை.

இத்தோடு விஷயம் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். ஆனால் ஊழியர் சொத்து வாங்கினால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே! விதி சார் தெரிவித்தார். ஆணையர் அறையில் கூட்டம் கூடியது.

“இது அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?” என்றார் ஆணையர்.

விதி சார் போனை நீட்டினார். நண்டு கொடுக்கை ஆட்டியது.

“அசையுது,” என்று கண்காணிப்பாளர் அம்மா குறித்துக்கொண்டார். “தானா அசையுதா, நாம அசைக்கிறோமா?”

“தானாத்தான் மேடம். மருந்து குடுத்தா எந்திரிக்கும், இல்லேன்னா படுத்துக்கும்.”

“அப்ப உயிருள்ளது. வீட்டுல வச்சு வருமானம் பாக்குற உயிருள்ளதுக்கு என்ன பேரு?”

“கால்நடை,” என்றார் ஆணையர், தாமே கண்டுபிடித்த மகிழ்ச்சியில்.

“ஆனா கால்நடைக்கு நாலு கால்தான் சார். இதுக்குக் கொடுக்கைக் கழிச்சா எட்டு இருக்கு,” என்றார் விதி சார்.

மின்விசிறி மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“நாலுக்கு ஒரு மாடுன்னா எட்டுக்கு?” என்றார் ஆணையர்.

இவ்வாறாக, மேற்படி நண்டு இரண்டு மாட்டுக்குச் சமம் எனத் தீர்மானிக்கப்பட்டு, நகராட்சி மாட்டுப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. பதிவுக் கட்டணமும் இரண்டு மாட்டுக்கு. சுகாதாரச் சான்று வேண்டுமென்பதால் விதி சார் போனை எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் திரையைத் தட்டிப் பார்த்தார்.

“தீவனம்?”

“நெட் பேக்குங்க.”

“சாணி?”

“இதுவரைக்கும் இல்லைங்க.”

“மலச்சிக்கல்,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

பதிவேட்டில் ஏறிய பிராணியை நேரில் மேற்பார்வையிட வேண்டும். மேற்பார்வையிட ஆட்டம் தெரியவேண்டும். ஆகவே ஆணையர் அலுவல் நிமித்தம் ‘நெருப்புக் கழுகு’ வாங்கினார். ஆணையர் வாங்கியதைக் கண்காணிப்பாளர் வாங்காமல் இருந்தால் மரியாதையாகாது. அவர் ‘பனிக்கரடி’ வாங்கினார். டைப்பிஸ்ட், டிரைவர், காவல்காரர் என்று ஆளுக்கொரு பிராணி வந்தது. வரி கட்ட வந்தவர்கள் ஜன்னலில் காத்திருக்க, உள்ளே கர்ஜனைச் சத்தம் கேட்கும். “ஏதோ முக்கியமான மீட்டிங்,” என்று ஜனங்கள் பொறுமையாக நின்றார்கள்.

ஆணையரின் கழுகு தோற்றதே இல்லை. அதை ஜெயிக்குமளவுக்குத் துணிச்சலான பிராணி அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனால் யாரோடு யார் மோதுவது என்பதை ஆட்டமே முடிவு செய்யும். ஒரு மத்தியானம் அது நண்டையும் கழுகையும் எதிரெதிரே நிறுத்தியது.

விதி சாருக்கு வேர்த்துக் கொட்டியது. ஓய்வு பெற இருக்கிற வயது. பென்ஷன் காகிதம் ஆணையர் மேஜையில் கிடக்கிறது. அவசரமாக ‘பின்வாங்கு’ பொத்தானை அழுத்தினார். நண்டுக்குப் பின்னால் போகத் தெரியுமா? பக்கவாட்டில் நகர்ந்தது. பாய்ந்து வந்த கழுகு குறி தப்பிப் பாறையில் மோதிச் சுருண்டு விழுந்தது. திரையில் பொன்மழை பொழிந்தது. அடுத்த அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“உங்களை சஸ்பெண்ட் பண்ணப்போறேன்!” என்று வந்து நின்றார் ஆணையர்.

“பண்ணலாம் சார். ஆனா விதி இடம் குடுக்கலையே.” பயத்திலும் விதி மட்டும் தானாக வந்தது. “குப்பை வண்டி மாடு இருந்த காலத்துல போட்டது சார். பதிவேட்டுல இருக்குற மாடு யாரையாவது முட்டினா, உரிமையாளரைத் தண்டிக்கக் கூடாது. மாட்டைத்தான் பணியிலிருந்து விலக்கணும். விசாரணை முடியுறவரைக்கும் பாதித் தீவனப்படி குடுக்கணும்.”

அந்த விதியை ரத்து செய்ய யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நண்டு சஸ்பெண்ட் ஆனது. சண்டை போடக் கூடாது; சும்மா கிடக்க வேண்டும். அதற்கு மாதாமாதம் பாதித் தீவனப்படி. அதுவோ இரண்டு மாட்டுக்குச் சமம். இரண்டு பாதி சேர்ந்து ஒரு முழுப்படியாகவே வந்தது.

முதல் மாதத் தொகையை மனைவியிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

“உழைச்ச காலத்துல ஒரு காசு கொண்டு வரல. சும்மா கிடந்ததும் சம்பளம் வருது. ஏங்க, இது உங்க ஆபீஸ் நண்டேதான். சந்தேகமே இல்ல.”

அந்த மழைக்காலத்தில் ஆட்டம் நின்றுபோனது. ‘எங்கள் பயணத்தில் உடன் வந்த அனைவருக்கும் நன்றி’ என்று ஒரு வரி வந்தது. கழுகு, கரடி எல்லாம் படமாய் உறைந்தன. முத்துக்கு மதிப்பு சுழியம். மைத்துனன் மட்டும் தைரியம் சொன்னான். “பதிவு அழியல மாமா. அட்டை உங்களுதுன்னு ஆயிரம் கம்ப்யூட்டர்ல இன்னும் எழுதியிருக்கு. ஆட்டம்தான் இல்ல.”

ஆபீசே இழவு வீடு மாதிரி ஆனது. டைப்பிஸ்ட் சங்கிலியை அடகு வைத்திருந்தாள். ஆணையர் எவ்வளவு போட்டார் என்பதை அவர் முகம் சொன்னது. அவர் விதி சாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்க நண்டு எப்படி இருக்கு?”

“விசாரணையில இருக்கு சார்.”

“படி?”

“வந்துட்டிருக்கு சார்.”

ஆணையர் கூரையைப் பார்த்தார். மறுநாள் காலை தமது நெருப்புக் கழுகின் மீது அவரே ஒரு புகார் கொடுத்தார்: அது முன்பு ஒருநாள் பனிக்கரடியை வேண்டுமென்றே கொத்தியதாம். கரடி தன்னைக் கடித்ததாகக் கழுகின் தரப்பில் இன்னொரு புகார். சாயங்காலத்துக்குள் காவல்காரரின் தவளை உட்பட எல்லாப் பிராணிகளும் குற்றம் செய்து முடித்திருந்தன. எல்லாமே அவசரமாக மாட்டுப் பதிவேட்டில் ஏறின; எல்லாமே சஸ்பெண்ட். கழுகுக்கு இரண்டு கால்தான் என்பதால் பாதி மாட்டுக் கணக்குத்தான் வரும் என்றார் விதி சார். இறக்கையையும் கால் கணக்கில் சேர்க்கலாம் என்று ஆணையர் உடனே ஓர் உத்தரவு போட்டார். விசாரணை அதிகாரியாக விதி சாரையே நியமித்தார். பென்ஷன் காகிதத்திலும் கையெழுத்தானது. விசாரணையை முடிக்க வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இத்தனை பிராணிக்கும் படி கொடுக்கப் பணம்? ‘அட்டை உயிரின நல வரி’ என்று வீட்டு வரி ரசீதில் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது.

முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே வரிசை தெரு முனைவரை நீண்டது. கலவரமாகிவிடும் என்று விதி சார் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். முதலில் நின்றவர் தச்சுப் பட்டறைக்காரர். ரசீதை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார்.

“இது என்ன சார் புது வரி?”

விதி சார் உள்ளதை உள்ளபடி சொன்னார். செத்துப்போன ஆட்டம், சும்மா கிடக்கிற பிராணி, முடியாத விசாரணை, மாதாமாதம் படி. வரிசையில் பின்னால் நின்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

பட்டறைக்காரர் பணத்தை எண்ணி வைத்தார். பிறகு ஜன்னல் கம்பிக்குள் தலையை நுழைத்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

“சார், அந்த அட்டை இப்ப எங்க கிடைக்கும்?”