மீட்டர் அண்ணனின் கேக் சுற்று

காஞ்சிபுரத்தில் கேக்குக்காகவே ஓடிய மனிதர் மீட்டர் அண்ணன் ஒருவர்தான். வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. விடியற்காலையில் நான்கு ராஜ வீதிகளையும் ஓடியே சுற்றிவிட்டு பேக்கரி வாசலில் வந்து நிற்பார். வெயில் காலத்து மாம்பழ கேக்குக்கு இரண்டு சுற்று, மழைக்காலத்துச் சீத்தாப்பழ கேக்குக்கு மூன்று, மார்கழி பிளம் கேக்குக்கு நான்கு. ஓடாமல் ஒரு துணுக்குகூட வாயில் வைக்க மாட்டார். சொந்த மகளின் பிறந்தநாளன்று மெழுகுவத்தியை ஊதச் சொல்லிவிட்டு ஓடப் போனவர்.

ஓடும்போது காமாட்சியம்மன் கோயில் வலப்பக்கமே இருக்க வேண்டும். செல்போன் கீழே விழுந்தால்கூடத் திரும்ப மாட்டார். முழுச் சுற்றும் வந்துதான் எடுப்பார். இரண்டு செல்போன் அப்படித்தான் போயிற்று.

எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தெருமுனைக்குப் போனால் திரும்பி வருவேனா என்று எனக்குப் பயம். ரீடிங் எடுக்க வந்த மீட்டர் அண்ணன் என்னை முறைத்தார்.

“யூனிட் எகிறிக்கினு போவுது. பகலெல்லாம் ஃபேனுக்கு அடியிலயே கெடக்கிறியா?”

“நெஞ்சு படபடங்குதுண்ணா.”

“ஞாயித்துக்கெழம ஓட்டப்பந்தயம் இருக்குது. உன் பேரையும் குடுத்துட்டேன். நீ நடந்தா போதும்.”

முதல் பரிசு பெரிய பிளம் கேக். பந்தயம் ஒரே சுற்று என்பதால், மீதி மூன்றை முந்தின நாளே ஓடி வைத்துவிட்டார்.

ஆனால் பந்தயம் நடத்தியவர்கள் கோயில் இடப்பக்கம் வரும்படி பாதையை வைத்திருந்தார்கள். “அம்மனை இடப்பக்கம் வெச்சிக்கினு ஓட என் காலு வராதுப்பா” என்றார். தூரம் ஒன்றுதானே, எப்படியோ ஓடித் தொலையட்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். விசில் ஊதியதும் கூட்டம் வடக்கே போனது. மீட்டர் அண்ணன் மட்டும் தெற்கே போனார்.

வடக்கு ராஜ வீதியில் என்னால் முடியவில்லை. எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள். மூடியிருந்த கடைப் படியில் தன்னந்தனியாக உட்கார்ந்துவிட்டேன். அப்போது எதிர்த் திசையிலிருந்து மீட்டர் அண்ணன் வந்தார். கூட்டம் இன்னும் தெற்கு வீதிக்கே போயிருக்காது. அவருக்கோ ஒரு திருப்பம்தான் பாக்கி.

“நீங்க போங்கண்ணா. கேக்கு போயிடும்.”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மீட்டர் பார்க்கும் அதே முகம்.

“ரீடிங்கு நல்லாத்தான் இருக்குது. பயந்துக்கினு இருக்கே, அவ்ளோதான். எழுந்திரு.”

எழுந்தேன். அவர் திரும்பி, நான் போக வேண்டிய பக்கமாக நடந்தார்.

“ண்ணா, அம்மன் இடப்பக்கம் வருது.”

“பேசாம நடப்பா.”

மிச்ச வீதி முழுக்க என் நடைக்கே நடந்தார். கடைசியில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆளு தனியா இருந்தான்மா. மன்னிச்சுக்கோ.”

பரிசை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பேக்கரியில் பிளம் கேக் ஒரே ஒரு சின்னத் துண்டு வாங்கி என் கையில் வைத்தார்.

“உங்களுக்குண்ணா?”

“எனக்கு மூணு சுத்துதான் ஆயிருக்குது. தலகீழா சுத்துனது சேராது.”

நான் தின்பதைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டே நின்றார்.

மறுநாள் விடியுமுன் நான் தனியாகத் தெருமுனையைத் தாண்டிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு சுற்று பாக்கி இருந்தது. அந்த மனிதர் இன்னொரு நாள் கேக் இல்லாமல் இருப்பதை என்னால் தாங்க முடியாது.