அந்த ரெலிபோன் வேறு வீட்டில் அடிக்கட்டும்

மாதா துணை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
மாசி மாதம், ஞாயிறு பின்நேரம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய றெனோல்ட் அத்தானுக்கு,

உங்கள் தங்கச்சியின் புருஷன் அருமைநாதன் ரொறன்ரோ இருக்கும் திசையை நோக்கித் தலை வணங்கி எழுதிக்கொள்வது. நீங்களும் ஜொய்சி அக்காவும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் தவக்காலம் தொடங்கிவிட்டது, பொய் எழுதக் கூடாது. நான் சுகமில்லை அத்தான். பயந்துபோய் இருக்கிறேன். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவர்கள் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்தில் இருந்து உங்கள் தங்கச்சி அக்னெஸ் குளிசையோடு வருவா. ஆகவே கடிதம். வாசித்தவுடன் கிழித்துவிடுங்கள்.

எல்லாம் மார்கழி மாதம் கோயிலில் தொடங்கியது. பூசை முடிந்ததும் சுவாமியார் மைக்கைப் பிடித்து, உக்ரேனில் இருந்து ஒரு தாயும் மகளும் வருகிறார்கள், மகள் பிள்ளைத்தாய்ச்சி, ஒரு அறை சும்மா கிடக்கிற வீடு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். நான் உடனே குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அன்று நான் போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் ஒரு கை கூரையைத் தொடுகிற மாதிரி நிற்கிறது, அது உங்கள் தங்கச்சியின் கை. "எங்கட மகன் டெனிஸ்டன் கலியாணம் கட்டி லவாலுக்குப் போனாப் பிறகு அவன்ர அறை சும்மாதானே கிடக்கு, சுவாமி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் ஒருவருக்குக்கூட அறை இல்லையாம். அத்தான், நான் போருக்குப் பயந்து மன்னாரில் இருந்து மடுவுக்கும், மடுவில் இருந்து ராமேஸ்வரத்துக்கும், அங்கிருந்து இந்தப் பனிக்குள்ளும் ஓடி வந்து ஒளிந்துகொண்டவன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு இன்னொரு நாட்டுப் போர் இரண்டு சூட்கேஸோடு வந்து மணியடித்தால் எப்படி இருக்கும்?

வந்தார்கள். தாய்க்குப் பெயர் ஹலீனா. என்னைவிட ஒரு முழம் உயரம். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்தவவாம், பார்த்த உடனேயே எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. மகள் டரீனா மெலிந்த பிள்ளை, வயிறு மட்டும்தான் பெரிது. டரீனாவின் புருஷன் மிக்கோலா பட்டாளத்தில், முன்னரங்கில் நிற்கிறான். எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. ஹலீனா தன் போனுக்குள் எதையோ சொன்னால், போன் அதைத் தமிழாக்கிச் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் எங்களுக்குச் சொல்லும். வந்த முதல் கிழமையே அது, "நாளை உங்கள் கணவருக்குப் புறாக்களைச் சமைக்கிறேன்" என்று அறிவித்தது. பல்கனியில் இருந்த புறாக்களைப் பார்த்தேன், அவையும் என்னைப் பார்த்தன. இரவு படுக்க முன்னம் பல்கனிக் கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்த்தேன். அடுத்த நாள் வந்தது கோவா இலைக்குள் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிய ஒரு சாப்பாடு. அவர்களின் பாஷையில் அதற்குப் புறா என்று பெயராம். நல்ல ருசி, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பயந்தது பயந்ததுதானே!

இதற்குள் உதவி வேறு. ஊர் முழுக்க உதவி. தமிழ் ஆட்கள், இத்தாலியர், ஹெயிற்றிக்காரர் என்று வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு குளிர் ஜாக்கெட் கொண்டுவந்து தந்தார்கள். இரண்டு பெண்களுக்கு ஒரு பட்டாளமே போடுகிற அளவு ஜாக்கெட் சேர்ந்து, வீட்டு நடைபாதையில் நான் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். கோயில் உதவிக் குழுவை நடத்துகிற வித்தியா என்ற பிள்ளை, திருகோணமலைப் பக்கம், கெட்டிக்காரி, கிழமைக்கு ஒருக்கால் வந்து அவர்களை விட்டுவிட்டு என்னைத்தான் விசாரிக்கும். "அங்கிள், அகதியளுக்கு மட்டுமில்ல, வீடு குடுத்த ஆக்களுக்கும் சப்போட் வேணும். உங்கட மனசு எப்படி இருக்கு?" அத்தான், ஐம்பது வருசத்தில் என்னை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. "பிரஷர் நோமலாத்தான் இருக்கு" என்று சொன்னேன்.

இனித்தான் பெரிய விஷயம். தை மாதம் ஒரு ஞாயிறு காலை, பூசைக்குப் போக முன்னம் எல்லாரும் குசினியில் இருந்து பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதல் நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பனி அள்ளுகிற மெஷின் வர முன்னம், தெருவில் நிற்கிற கார்களை எடுக்கச் சொல்லி இங்கே ஒரு சைரன் அடித்துக்கொண்டு வருவார்கள். உங்கள் ஊரில் அது இருக்கிறதோ தெரியாது. நான் முப்பது வருசமாகக் கேட்கிற சத்தம். கேட்டால் திரும்பிப் படுப்பேன். அன்று அது அடித்த உடனே ஹலீனாவும் டரீனாவும் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பினார்கள். அத்தான், அந்த முகங்களை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. எனக்கு நினைவு வந்தபோது நான் பேஸ்மென்டில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால், கையில் பிட்டுக் கோப்பையோடு குந்திக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்த அவசரத்தில் டரீனா கடைசிப் படியில் வழுக்கி விழுந்தாள்.

மேலே இருந்து அக்னெஸ் கத்துகிறா. "அது கார் இழுக்கிற சத்தமப்பா! எங்கட காரைத்தான் இழுக்கிறாங்கள்! எங்க போய் ஒளிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" கீழே டரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். ஹலீனா போனை எடுத்து ஏதோ சொல்ல, செய்தி வாசிக்கிற பெண், "குழந்தை அசையவில்லை" என்றது. எந்தப் பதற்றமும் இல்லாமல், நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி. நான் காரை எடுக்க ஓடினேன். கார் இல்லை. இங்கே காரை இழுத்து வேறு ஏதோ தெருவில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், நாங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அம்புலன்ஸுக்கு அடித்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் பழகியது, அதை வைத்துக்கொண்டு ஒரு வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றி எப்படிச் சொல்வது? "கவனம், உடையக்கூடிய சாமான்" என்று சொன்னேன். கடவுள் புண்ணியத்தில் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தாதி என்னைப் பார்த்து, நீங்கள் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டாள். நான் யோசித்தேன். வீட்டுக்காரன் என்றேன். வாடகையா என்றாள். இல்லை என்றேன். அப்போது நீங்கள் யார் என்றாள். அதற்குள் உள்ளே ஒரு மெஷினைப் பூட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பைப் பெரிதாகக் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம். ஹலீனா, அந்த உயரமான மனுசி, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. நானும் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை நல்லாக இருக்கிறது, ஆனால் அது பிறக்கும்வரை தாய் படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். டெனிஸ்டன் லவாலில் இருந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனான். காரை மூன்று தெரு தள்ளி, ஒரு பனிமலைக்குள் கண்டுபிடித்தோம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன் அத்தான். அதற்கு அடுத்த கிழமைதான் ஹலீனாவின் போன், "என் மருமகன் அமைதியாகிவிட்டான்" என்றது. நான் எழும்பி நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். அக்னெஸ் என் கையைத் தட்டிவிட்டு, ஆறுதலாகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தா. மிக்கோலாவிடம் இருந்து அழைப்பு இல்லை, செய்தியும் இல்லை, அவ்வளவுதான். அன்றையில் இருந்து இன்றுவரை இல்லை. டரீனா படுக்கையில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடக்கிறாள். அது சிணுங்கினால் வீடு முழுக்க மூச்சை நிறுத்துகிறது. பார்த்தால் கடைக்காரன் மலிவு விற்பனை என்று அனுப்பியிருப்பான். நான் வாசல் மணிக்குப் பயப்படுகிறேன். தபால்காரனுக்குப் பயப்படுகிறேன். டரீனா சிரித்தாலும் பயம், இதற்குப் பிறகு என்ன வரப்போகிறதோ என்று.

போன கிழமை வித்தியா என்னை வீடு கொடுத்தவர்களின் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. கோயில் மண்டபத்தில் வட்டமாகக் கதிரை போட்டு, நடுவில் கண் துடைக்கிற கடதாசிப் பெட்டி. ஒரு கியூபெக்காரர், பெரிய தாடி, தன் வீட்டு விருந்தாளி விடியக் காலை எழும்பி நிலம் கழுவுகிறா, நிற்பாட்ட முடியவில்லை என்று அழுதார். என் முறை வந்தது. என் மனைவிக்கு உடம்பு சரியில்லை, இவர்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று பிரெஞ்சில் ஒரு வசனம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தால் தமிழ் வந்தது. "எனக்கு அந்த ரெலிபோனைப் பார்க்கப் பயமா இருக்கு பிள்ளை" என்றேன். வித்தியா அதை மொழிபெயர்த்தது. பிறகு அந்தத் தாடிக்காரர் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, தனக்கும் அப்படித்தான் என்றார். ஒவ்வொருவராகத் தங்களுக்கும் பயம் என்றார்கள். நான் ஒருவன்தான் கோழை, மற்றவர்கள் எல்லாம் தைரியசாலிகள், ஏதும் நடந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதுவும் போய்விட்டது.

அத்தான், உங்களுக்குத் தெரியும். உங்கள் கடைசித் தம்பி அல்பனின் செய்தி வந்த அன்று நீங்கள் கொழும்பில் நின்றீர்கள். கேற்றடிக்குப் போனவன் நான். அக்னெஸ் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கேற்றில் இருந்து குசினிவரை அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன். "ஆரப்பா வந்தது?" என்று அவ திரும்பிப் பார்க்காமலே கேட்டா. அந்தத் தூரத்தை என்னால் இன்னொரு தரம் நடக்க ஏலாது. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு கோபமும் இல்லை. மிக்கோலாவுக்காக அக்னெஸுக்குத் தெரியாமல் செபமாலையும் சொல்கிறேன். ஆனால் செய்தி வருகிறதென்றால் அது வேறு வீட்டுக்கு வரட்டும். நெஞ்சுரம் உள்ள, பயமில்லாத மனுசர் இருக்கிற வீட்டுக்கு வரட்டும். அக்னெஸ் உலகத்தில் உங்கள் சொல்லுக்கு மட்டும்தான் கட்டுப்படுவா. தயவுசெய்து ஒரு போன் எடுத்து, இருமலைப் பற்றியோ வெதரைப் பற்றியோ கதைக்கிற மாதிரித் தொடங்கி, அவர்களை மாற்றச் சொல்லுங்கள்.

ஜொய்சி அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு மடுமாதாவின் காவல் கிடைக்கட்டும். உங்கள் முழங்கால் நோ சுகமாகி, உயிர்த்த ஞாயிறுக்கு நீங்கள் முழங்காலில் நின்று பூசை காண ஆண்டவர் அருள் செய்வாராக.

உங்கள் கீழ்ப்படிவுள்ள,
அருமைநாதன்

பி.கு: இன்று செவ்வாய். முத்திரை வாங்காததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. மத்தியானம் அக்னெஸும் ஹலீனாவும் கடைக்குப் போயிருந்தார்கள். டரீனா குளிக்கப் போயிருந்தாள், போன் குசினியில் சார்ஜில். அது அடித்தது. பார்த்தால் அவள் புருஷனின் படம். அத்தான், நான் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று தெரியாது. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், நடுவில் ஒரு ஆண் குரல். "டரீனா? டரீனா?" எனக்கு வேறொன்றும் வரவில்லை. "ஓம் தம்பி, ஓம், வைக்காதையும், வைக்காதையும்" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடிப்போய்க் குளியலறைக் கதவில் அடித்தேன். ஊரான் பெண்பிள்ளை குளிக்கிற கதவில் நான் அடிப்பேன் என்று என்னைப் பெற்றவ கனவிலும் நினைத்திருக்க மாட்டா. பிள்ளை துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து, நடைபாதையில் குவிந்து கிடந்த ஜாக்கெட்டுகளுக்கு மேல் இருந்து கதைத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அழுகிற சத்தத்துக்குள் சிரிக்கிற சத்தமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிட்டது. கையில் காயமாம், ஆஸ்பத்திரியில் இருந்தானாம், கிழமை முடிவில் திரும்பவும் முன்னரங்குக்கு அனுப்பப் போகிறார்களாம்.

பின்நேரம் வித்தியா சந்தோசமாக வந்தது. கூட்டத்தில் நான் சொன்னதைக் கேட்டுத் தேடியதாம், லவாலில் பெரிய வீடாம், இரண்டு குளியலறையாம், வருகிற சனிக்கிழமையே மாற்றலாமாம். அக்னெஸ் என்ன செய்வதென்று என் முகத்தைப் பார்க்கிறா. "அந்த வீட்டுக்காரர் எதுக்கும் பதட்டப்படாத ஆக்கள் அங்கிள், ஒரு சத்தத்துக்கும் எழும்பமாட்டினம்" என்று வித்தியா சொல்லிச் சிரித்தது.

ஆகையால் அத்தான், மேலே எழுதியது எல்லாவற்றையும் விடுங்கள். உடனே அக்னெஸுக்கு அடித்து, அவர்களை ஒரு இடமும் அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு சத்தத்துக்கும் எழும்பாத மனுசர் இருக்கிற வீட்டில், அந்தப் போன் அடித்தால் ஆர் எடுக்கிறது?