இருபதாவது கொக்கி

பலகையில் இருபது கொக்கிகள். பத்தொன்பதில் ஸ்பேனர் தொங்கியது, ஒன்று காலி. கப்பலின் மூன்றாம் என்ஜினியர் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

என்ஜினுக்குள் இரண்டு நாள் வேலை பார்த்து, ஆறு கதவுகளையும் அப்போதுதான் மூடியிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் புறப்பாடு. ஸ்பேனர் உள்ளே கிடந்தால் என்ஜின் சுக்குநூறாகிவிடும்.

போன மாதம் அவர் டார்ச் லைட்டை என்ஜினுக்குள் மறந்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து கப்பலில் அவர் பெயரே டார்ச்சு. இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும் என்று சீஃப் என்ஜினியர் எச்சரித்திருந்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். மனசு கேட்கவில்லை.

"சார், ஒரு ஸ்பேனர் குறையுது. கதவையெல்லாம் திறந்து பார்க்கணும்."

"மறுபடியுமாய்யா? உன் மூளையையும் உள்ளேதான் வச்சுட்டியா?" சீஃப் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

முதல் கதவு. இல்லை. இரண்டாவதைத் திறக்கிற அவசரத்தில் டார்ச்சு எண்ணெய் வாளியை உதைத்துத் தள்ளினார். துடைக்கப் போய் வழுக்கி விழுந்தார். தூக்கிவிட வந்த சீஃப் அவர் மேலேயே விழுந்தார். அந்த நேரம் பார்த்து கேப்டனின் போன்.

"கிளம்பறோமா, இங்கேயே குடித்தனம் பண்ணப் போறோமா?"

"இவனை இறக்கிவிட்டுட்டுக் கிளம்பிடலாம் சார்!" என்றார் சீஃப், மீசையில் எண்ணெய் சொட்ட.

டார்ச்சு ஐந்தாவது கதவுக்குள் தலையை விட்டார். ஸ்பேனர் இல்லை. ஆனால் ஒரு பெரிய போல்ட், விரல் பட்டதுமே சுழன்றது.

"சார்... இதை இறுக்கவே இல்லை."

சீஃபின் முகம் வெளுத்தது. அப்படியே கிளம்பியிருந்தால் நடுக்கடலில் என்ஜின் சிதறியிருக்கும்.

கேப்டனே கீழே இறங்கி வந்தார். டார்ச்சுவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அத்தனை பேர் உயிரையும் காப்பாத்திட்டீங்க. உங்களை யார் இறக்கிவிடறாங்கன்னு நானும் பார்க்கறேன்!"

என்ஜின் அறையே கைதட்டியது. டார்ச்சு எண்ணெய் வழியும் முகத்தோடு சிரித்தார்.

"அது சரி, போல்ட்டை இப்படி விட்டது யாரு?" என்றார் கேப்டன்.

"வேற யாரு? ஸ்பேனரைத் தொலைச்சவன்தான்," என்றார் சீஃப்.

அறைகளைக் கவனிக்கும் ஸ்டூவர்டு மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தார்.

"சீஃப் சார், உங்க கட்டில் இனிமே ஆடாது. காலையில அந்த அஞ்சாவது கதவுக்குள்ள இருந்து, வேலையைப் பாதியில விட்டுட்டு எடுத்துக் கொடுத்தீங்களே, இந்தாங்க உங்க ஸ்பேனர்!"