மூன்று ரிங்கின் கதை

அந்தப் புதன்கிழமை காலை நான் வேலை பார்த்த லாரி ஆபீஸின் மாடிப்படியில் இருந்தவன் நான் ஒருவன்தான். முதலாளி பாங்கிக்குப் போயிருந்தார். ரிங் மாஸ்டர் தன் செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சலூனுக்கு.

கையில் செல்போன் வைத்துக்கொண்டு அதில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் மைசூரிலேயே ரிங் மாஸ்டர் ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. வருகிற அழைப்பை எடுத்தாலும் நிமிடத்துக்கு எட்டு ரூபாய் போய்விடும். எங்கள் புக்கிங் கிளார்க்கான அவர், கொள்ளேகால்காரர், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எடுத்தா காசு கண்ணு. எடுக்காட்டி சேதி."

டிரைவர்கள் வழியிலுள்ள எஸ்.டி.டி. பூத்திலிருந்து அடித்துவிட்டு வைத்துவிட வேண்டும். ஒரு ரிங் என்றால் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு என்றால் திம்பம் மலை ஏறியாயிற்று, கவலையில்லை. மூன்று என்றால் வண்டி நின்றுவிட்டது, மெக்கானிக்கை அனுப்பு. சிக்னல் கிடைத்தது மாடிப்படியில் ஆறாவது படியில் மட்டும். அவர் நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டார். மாடிக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பழக்கம் மெஸ் வரைக்கும் போயிற்று. தட்டில் ஒரு தட்டு தட்டினால் சோறு, இரண்டு தட்டினால் ரசம்.

"மூணு தட்டுனா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார்.

"ஆம்புலன்ஸ்."

ஒருமுறை யாரோ தெரியாமல் விடாமல் அடித்தார்கள். ரிங் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. "பன்னெண்டு ரிங்கு! பன்னெண்டுக்குச் சேதியே கெடையாதே!" அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அந்தப் புதன்கிழமை கோயமுத்தூரிலிருந்து மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக்கு இரும்பு வார்ப்புகள் வந்துகொண்டிருந்தன. இன்னொரு முறை தாமதமானால் சரக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆசனூர் பூத்திலிருந்து போன் அடித்தது. எண்ணினேன். இரண்டு. தொழிற்சாலைக்குத் தகவல் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இரண்டு. டிரைவர் சந்தோஷத்தில் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அடித்தது இரண்டு முறையும் மூன்று ரிங். அச்சு முறிந்து, மெக்கானிக் வருவார் வருவார் என்று பொழுது சாயும்வரை காட்டு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார். தொழிற்சாலையில் வேலை நின்றது. சரக்கு கைவிட்டுப் போயிற்று.

"யாரு ரீ எண்ணுனது? ஹேளி, சத்தமா சொல்லுங்க!" என்று கன்னடம் கலந்து முதலாளி கத்தினார்.

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை போய்விடுமே என்று பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"கணக்கு தப்பாகாதுங்க," என்றார் ரிங் மாஸ்டர். "எண்ணுன காதுதான் தப்பு. அது எங் காதுங்க."

என்னைக் காப்பாற்றினாரா, தன் கணக்கைக் காப்பாற்றினாரா என்று அப்போது புரியவில்லை. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நாற்காலியும் செல்போனும் எனக்கு வந்தன. சிக்னல் மந்தமான ஒரு நாள், தெருமுனை பூத்திலிருந்து நானே அடித்துப் பார்த்தேன். ரிசீவரில் எனக்கு மூன்று கேட்டது. செல்போனோடு படியில் நிறுத்தியிருந்த கிளீனருக்கு இரண்டு. முதல் ரிங்கை வழியிலேயே ஏதோ விழுங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறே கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினேன். ஒரு அரிசி மில்லில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அப்ப எங் காது நல்லாத்தான் இருக்குதா கண்ணு?"

"அண்ணா, எண்ணுனது நான். நீங்க அன்னிக்குப் படியிலேயே இல்லை."

விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். "அட, ஆமா! சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன் பாரு. காது டாக்டருகிட்ட வேற போயிட்டு வந்தனே!"

பிடித்த சம்பளம் நாலாயிரத்து நானூறு. டாக்டருக்கு நூற்றிருபது. நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. ஆக, என் வேலை நிலைக்க அவர் கொடுத்தது நாலாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய்.