பெஞ்சில் புளிக்க வைத்த மாவு அண்ணன்

மைதானத்தில் ஸ்டீபன் இருந்தார். கன்னியப்பன் இருந்தான். நெட்டை முருகன் இருந்தான். ரெட்டைப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள், யார் எவன் என்று எங்களுக்கே தெரியாது. வெளியே ஒரு பெஞ்சு. அதில் நான். என் பக்கத்தில் மாவு அண்ணன்.

உலகத்தில் எதையும் புளிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் அவர்.

அஸ்தினாபுரத்தில் இட்லி மாவுக் கடை. அவர் பெயர் தெரியாது. கேட்டதில்லை. கடைக்கு எதிரே மைதானம். அதில் ஞாயிறு காலை நாங்கள் ஆடியது அமெரிக்க ஃபுட்பால். ஸ்டீபனின் சித்தி மகன் அமெரிக்காவிலிருந்து முட்டை மாதிரி ஒரு பந்தைக் கொண்டுவந்து விட்டுப் போனான். அங்கே மோதித் தள்ளுவார்களாம். எங்களுக்கு எலும்பு வேண்டும். அதனால் இடுப்பில் நாடா செருகிக்கொண்டு ஆடினோம். பந்தோடு ஓடுபவனின் நாடாவை எதிராளி உருவினால் அவன் நிற்கணும். கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி.

இதில் முக்கியமான ஆள் பந்தை எறிகிறவன். குவாட்டர்பேக் என்பார் ஸ்டீபன். அவர்தான் எறிவார். எனக்கும் எறிய ஆசை. எனக்குக் கை நீளம். வயரிங் வேலை, சுருள் சுருளாக ஒயரை மாடிக்கு வீசிப் பழகிய கை.

மாவு அண்ணன் கோச். ஆட்டத்தின் விதி அவருக்குத் தெரியாது. விசில் அவருடையது. பெஞ்சும் அவருடையது. அதனால் கோச்.

நான் சேர்ந்த அன்று மார்க்கர் எடுத்தார். மாவுப் பாக்கெட்டில் எழுதுவதுபோலத் தேதியைப் பெஞ்சில் எழுதினார். அதன்மேல் என்னை உட்கார வைத்தார்.

"எப்போண்ணா எறக்குவீங்க?"

"அரைச்ச மாவ அப்பவே ஊத்துனா இன்னா ஆவும்?"

"இட்லி கல்லு மாதிரி வரும்."

"தெரியுதுல்ல? குந்து."

ஸ்டீபன் எனக்காகப் பேசினார். அவர் ஆபீஸ்காரர், தன்மையாகத்தான் பேசுவார். "அண்ணா, சின்ன பையன் களத்துல எறங்கினாத்தானே கத்துப்பான்? சும்மா ட்ரை பண்ணலாமே."

"போன வருசம் ஒருத்தன அப்டித்தான் எறக்கினேன். மூணு வாட்டி பந்த எதிராளி கையில குடுத்தான். எல்லாரும் சிரிச்சாங்கோ. இப்ப இன்னா பண்றான் தெரியுமா? கேரம் ஆடிகினு கீறான்."

ஸ்டீபன் அதோடு விட்டார்.

வாரங்கள் போயின. நான் உட்கார்ந்தேன். மற்ற அணியின் கோச்செல்லாம் கோட்டோரம் ஓடுவார்கள், கத்துவார்கள். இவர் என் பக்கத்தில் குந்தி, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பார். பொங்கி வழிந்துவிடுவேன் என்று பயம். ஞாயிறுதான் மாவு அதிகம் விற்கும் நாள். கடையில் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, ஒற்றை ஆளாக நின்று, அங்கிருந்தே திட்டுவார். "கல்லாவ வுட்டுட்டு பெஞ்ச காவல் காக்குது பாரு!" இவர் நகரமாட்டார்.

மார்கழி வந்தது. காலைப் பனி. என்மேல் ஒரு கோணியைப் போர்த்தினார்.

"எதுக்குண்ணா?"

"குளிர்ல தொறந்து வெச்சா எப்டி பொங்கும்?"

எதிரணி ஆட்கள் பார்த்தார்கள். உடம்பு சரியில்லாத பையன் என்று நினைத்து ஒருவர் எனக்கு வாழைப்பழம் கொடுத்தார். தின்றேன்.

அந்த வாரம் எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. போய்ச் சொன்னேன்.

"அண்ணா, திங்கக்கிழம காலையில பஸ்ஸு. வர்ற ஞாயிறுதான் எனக்குக் கடைசி. ஒரு வாட்டி எறிஞ்சிட்டுப் போறேன்."

விரல்விட்டு மாதத்தை எண்ணினார். "சித்திரையில வந்திருந்தா ஒரே வாரம் நைனா. இது மார்கழி. மெதுவாத்தான் பொங்கும்."

"நான் பொங்குறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்ணா."

அடுத்த மாவுப் பாக்கெட்டில் தேதி எழுதப் போய்விட்டார்.

ஞாயிறு. கூடுவாஞ்சேரி அணி வந்தது. அவர்கள் ஆறு, நாங்கள் பூஜ்யம். பாதி ஆட்டத்தில் ஸ்டீபனின் விரல் பிசகியது. வீங்கிய விரலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எறிய ஆள் இல்லை. நான் எழுந்தேன். சட்டை நுனி இழுத்தது. உட்கார்ந்தேன்.

மாவு அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டினார். நாடாவை எடுத்துச் செருகினார்.

"நானே எறியறேன்."

அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பந்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ரெட்டையரில் ஒருவனைக் கேட்டார். அப்போது அக்கா வந்தார். எங்களுக்கு இட்லியும் தூக்கில் சாம்பாரும் கொண்டுவந்திருந்தார்.

"யோவ், இன்னாய்யா வேஷம் இது? அந்தப் புள்ள எதுக்கு குந்திகினு கீது?"

"இன்னும் புளிக்கல."

"காலையில நாலு ரவா தோச துன்னியே, அத்த எத்தினி நாளு புளிக்க வெச்சேன்? கரைச்சேன், ஊத்துனேன். மொறுமொறுன்னு துன்னுட்டு வந்து பேசுற!"

மாவு அண்ணன் பந்தைக் கீழே வைத்தார். எங்களுக்குத் தெரிந்து அவருக்குப் பதில் கிடைக்காத கேள்வி அது ஒன்றுதான்.

என்னிடம் வந்தார். கோணியை எடுத்தார். குனிந்து என் தலையை மோந்து பார்த்தார்.

"போ."

மிச்ச ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது, எங்களுக்குக் கிடைத்தது நாலே எறி. முதல் எறி சாம்பார் தூக்கில் விழுந்தது. "அடப்பாவி!" என்றார் அக்கா. இரண்டாவதை முருகன் பிடித்தான். பிடித்ததும் நாடா போனது. மூன்றாவது நேராக எதிராளி கைக்குப் போனது. அவன் நம்பமுடியாமல் தவறவிட்டான். கூடுவாஞ்சேரி சிரித்தது. எனக்குக் கேரம் போர்டு ஞாபகம் வந்தது.

நாலாவது. கன்னியப்பன் கோட்டுப் பக்கம் ஓடினான். ஒயர்ச் சுருளை மூன்றாம் மாடிக்கு வீசுவதாக நினைத்துக்கொண்டேன். வீசினேன். பிடித்தான். ஒருவன் நாடாவை எட்டினான், காற்றைப் பிடித்தான். கன்னியப்பன் கோட்டைத் தாண்டி விழுந்தான்.

ஆறுக்கு ஆறு. டிரா. ஜெயித்த அணிகூட அப்படிக் கத்தியிருக்காது. ரெட்டையர் என்னைத் தூக்கினார்கள். மேலிருந்து மாவு அண்ணனைத் தேடினேன். பெஞ்சு காலி. அவர் கோட்டோரம் நின்று, மூச்சு முட்ட விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவர் நின்று நான் பார்த்த முதல் ஆட்டம்.

"எப்டிண்ணா?" என்றேன்.

"புளிக்கல," என்றார். கண்ணைத் துடைத்தார். "ஆனா வெந்துடுச்சி."

மறுநாள் ஓசூர் பஸ்ஸில், மடியில் அவர் கொடுத்த இட்லிப் பொட்டலத்தோடு, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பெஞ்சில் உட்கார்ந்தது பதினேழரை ஆட்டம்.

அவரும் பதினேழரை.