ரகசியம் அண்ணாச்சி வாய் திறந்த நாள்

திருவனந்தபுரத்தில் ஒரு விஷயம் வெளியே வரக்கூடாது என்றால் கிணற்றில் போட்டு மூட வேண்டியதில்லை. ரகசியம் அண்ணாச்சியிடம் சொன்னால் போதும். நாகர்கோவில்காரர். தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் காப்புரிமைக்கு மனு எழுதிக் கொடுப்பவர். சாயா கொண்டுவருகிறவர்கூட, 'இங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் டம்ளரை வைக்க முடியும்.

நான் அவரிடம் போனது மிளகு பற்றிய என் கண்டுபிடிப்பு விஷயமாக. வித்துரா மலைப்பக்கத்து மிளகு மூட்டை கைமாறும்போதெல்லாம் எடையும் ஈரப்பதமும் பிளாக்செயினில் பதிவாகும். பிறகு யாரும் திருத்த முடியாது. அந்தப் பதிவுகளைப் படித்து, கலப்படம் எந்தக் கையில் நடந்தது என்று செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும். இதற்காக நல்ல வேலையை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

"மனு போடுகதுக்கு முன்ன ஊருக்குத் தெரிஞ்சா புதுசுங்கற பேரு போச்சு, காப்புரிமையும் போச்சு. கெட்டினவகிட்டகூட மூச்சு விடப்பிடாது, கேட்டியா மக்கா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. ஒரு கையொப்பு மிச்சம்."

மனுவில் உரிமை கோரும் பகுதி ஒரே வாக்கியமாக இருக்க வேண்டுமாம். அண்ணாச்சியின் வாக்கியம் மூன்று பக்கம் ஓடியது.

மனு போடக் குறித்த நாளுக்கு முந்தின நாள் அது. அன்று வலியசாலையில் என் அக்கா மகள் கல்யாணம், அண்ணாச்சியையும் அழைத்திருந்தேன். பந்தியில் பெரியப்பா ஆரம்பித்தார்: "இவன் வேலையை விட்டுட்டு மிளகு மூட்டைக்கு ஜாதகம் எழுதிண்டிருக்கான்." எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்து இலையில் அண்ணாச்சி கையிலெடுத்த சாம்பார் சாதத்தை இலையிலேயே வைத்தார்.

"பெரியவரே, இவன் கண்டுபிடிச்சது என்னன்னு தெரியுமா உமக்கு?"

மூன்று பக்கத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தார். நடுவில் முற்றுப்புள்ளி இல்லாததால் யாராலும் குறுக்கே பேச முடியவில்லை. ரசம் வந்தது, பாயசம் வந்தது, வாக்கியம் முடியவில்லை. முடிந்தபோது பெரியப்பா அப்பளத்தைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அண்ணாச்சிக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒருத்தரும் கை கழுவப்பிடாது. ஒப்பு போட்டுட்டுப் போங்க."

பையில் தாள்கட்டு எப்போதும் இருக்கும். பாயசக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் இடது கையால் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த பந்திக்கு இலை விழுமுன், அங்கேயே லேப்டாப்பைத் திறந்து மனுவை அனுப்பிவிட்டார்.

காப்புரிமை கிடைத்தது. சான்றிதழ் என் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. அந்தக் கோணல் கையெழுத்துத் தாள்களை மட்டும் அண்ணாச்சியிடம் கெஞ்சி வாங்கி என் மேசைக்குள் வைத்திருக்கிறேன். ஊரார் ரகசியத்தையெல்லாம் காத்த மனிதர், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்காக ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தார்.