கிஷாந்த் சாருக்கு வந்த சீனி வருத்தம்

புதன்கிழமை முடிவதற்குள் அந்த வாரத்தின் ஆறாவது கேக் வந்து சேர்ந்தது.

கிஷாந்த் கதவைத் திறந்தபோது பாஸ்டரின் மனைவி நிரஞ்சனி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டர் கேக். மேலே கஜுப் பருப்பால் ஒரு சிலுவை.

"தம்பி, வாடிப் போயிட்டீங்க. ரெண்டு துண்டு என் கண்ணு முன்னாடி சாப்பிடுங்க, பாப்போம்."

மனைவி இறந்த இந்த எட்டு மாதமாக இப்படித்தான். ரத்தோட்டையில் இருந்த அந்தச் சின்னச் சபையில் இருபத்தொரு சகோதரிகள். இருபத்தொரு பேரிடமும் அடுப்பு இருந்தது. முப்பத்திரண்டு வயதில் மனைவியைப் பறிகொடுத்த கணக்கு வாத்தியாருக்கு இனிப்பைத் தவிர வேறு ஆறுதல் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. பிரிஜ்ஜில் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் கல்லாகிக் கிடந்தது. அவனுக்கு எதுவுமே ருசிக்கவில்லை. அதைச் சொன்னால் அழுவார்கள். அழுதுவிட்டு இன்னொரு கேக் சுடுவார்கள்.

"அக்கா, எனக்கு இனிப்பு ஆகாது."

"ஏன் தம்பி?"

"சீனி வருத்தம் இருக்கு. டயபிட்டிஸ்."

நிரஞ்சனி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இயேசப்பா! இந்த வயசுலயா?"

கேக் வந்த வழியே திரும்பிப் போனது. கிஷாந்த் கதவைச் சாத்திவிட்டு, வெறும் கிறீம் கிரேக்கர் பிஸ்கட் ஒன்றை எடுத்து நிம்மதியாகக் கடித்தான்.

நிம்மதி வியாழன் காலை ஐந்தரை மணிவரை நீடித்தது.

முதலில் வந்தவள் இலட்சுமி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். இப்போது சபையைக் கூட்டித் துடைப்பவள். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். அதற்கு ஒரு கால்விரலையும் கொடுத்திருந்தாள்.

"வாங்க சார், நம்ம கட்சிக்கு!" என்றாள் சந்தோஷமாக. கையில் ஒரு செம்பு. "பாவக்கா சாறு. மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மூச்சுல இழுங்க."

"அக்கா, நான் பொறகு..."

"பொறகுன்னு சொல்லித்தான் என் வெரலு போச்சு. குடிங்க."

குடித்தான். அவள் போன பின்னால் இன்னொருத்தி இலைக்கஞ்சியோடு வந்தாள். மூன்றாமவள், சீனியைக் குறைக்குமாம் என்று, கொத்தலஹிம்புட்டு மரத்தில் குடைந்த கோப்பையைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி வைத்து விடிந்ததும் குடிக்கச் சொன்னாள். சனிக்கிழமைக்குள் அவன் நாக்கு பச்சையாகிவிட்டது. வகுப்பில் வாயைத் திறந்து தேற்றம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபப் பட்டியலில் அவன் பெயர் முதலாவது.

பாஸ்டர் மகேஸ்வரன் அந்த மாதம் முழுவதும் ஒரே பொருளைத்தான் பேசிக்கொண்டிருந்தார். "மனுசன் ஆவி, ஆத்துமா, சரீரம்னு மூணு காம்பரா உள்ள வீடு. ஒரு காம்பராவுல கூரை ஒழுகினா மத்த ரெண்டுலயும் நிம்மதியா படுக்க ஏலுமா?"

"ஏலாது! ஆமென்!"

"அதனால முழங்கால்ல நில்லுங்க. டொக்டர் தந்த குளிசையையும் போடுங்க. ரெண்டும் கர்த்தர் தந்ததுதான்."

முழங்காலுக்கு ஆமென் பலமாக வந்தது. குளிசைக்கு இரண்டு பேர் இருமினார்கள்.

மூன்று வாரம் கிஷாந்த் தாக்குப்பிடித்தான். அவனுக்காக ஒரு உபவாச ஜெபம் நடந்தது. நிரஞ்சனி மதியச் சாப்பாட்டை விட்டாள். நான்காவது வாரம் இலட்சுமி சாறை இரண்டு செம்பாக்கினாள். பொறுக்க முடியாமல் வாசலிலேயே சொன்னான்.

"அக்கா, ரிப்போர்ட் வந்துச்சு. இப்ப எல்லாம் நோர்மல்."

நீட்டிய செம்பு பாதியில் நின்றது. இலட்சுமியின் கண் கலங்கியது.

"சுகமாயிட்டீங்களா?"

"ம்."

ஒரே எழுத்து. அது பத்து நிமிடத்தில் பாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு அவனைச் சாட்சி சொல்ல மேடைக்கு ஏற்றினார்கள். கிஷாந்த் ஒலிவாங்கியைப் பார்த்தான்.

"எனக்கு இப்ப சீனி இல்ல. எல்லாருக்கும் நன்றி."

இரண்டு வசனமும் உண்மைதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அதற்குள் கூரைத் தகரம் அதிர்ந்தது. அல்லேலூயா! காணிக்கைப் பை வரிசையில் வந்துகொண்டிருந்தது. இலட்சுமி எழுந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு அட்டைக் குளிசையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, காணிக்கைப் பைக்குள் போட்டாள்.

"சாருக்குச் செஞ்ச ஆண்டவர் எனக்குச் செய்ய மாட்டாரா!"

பாஸ்டர் பதறிப்போய் நிறுத்தச் சொல்லி இரண்டு கைகளையும் தூக்கினார். சபையும் துதி என்று நினைத்து இரண்டு கைகளையும் தூக்கியது. கீபோர்டு முழங்கியது. அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

கிஷாந்தின் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தான் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மருந்தைத் தள்ளிப்போட்டாள். அந்த நாளை வரவில்லை. அவள் போய் ஒன்பது மாதமாகிறது.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையிலிருந்து எடுத்துக் கடித உறையில் போட்டுவைத்த குளிசையை வாங்கிக்கொண்டு நேரே இலட்சுமியின் லயத்து வீட்டுக்குப் போனான். உள்ளே நான்கு சகோதரிகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அவளுடைய விசுவாசத்தை மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இதப் புடிங்க. இப்பவே ஒண்ணு போடுங்க."

இலட்சுமி உறையைத் தொடவில்லை. "அந்தக் குளிசைய இனி யாரும் போடக் கூடாது சார். கர்த்தருக்குக் குடுத்தாச்சு."

"எனக்குச் சீனியே இருந்ததில்ல அக்கா. கேக்குக்குப் பயந்து பொய் சொன்னேன்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா தாழ்மைய?" என்றாள் ஒருத்தி.

"தாழ்மை இல்ல. சுகம் கெடச்சவங்கள இப்பிடித்தான் பிசாசு கொழப்புவான்," என்றாள் இன்னொருத்தி.

"சார், கண்ண மூடுங்க."

தலையில் எண்ணெய் விழுந்தது. நான்கு கைகள் அழுத்தின. அரை மணி நேரம் ஜெபித்தார்கள். எழுந்தபோது கெட்ட காரியம் இன்னும் பெரிதாகியிருந்தது. அந்த நால்வரில் இரண்டு பேர் தங்கள் பிரஷர் குளிசையையும் வருகிற ஞாயிறு பையில் போடுவதாக நேர்ந்துகொண்டார்கள்.

வாரம் முழுக்கக் கெஞ்சியும் யாரும் நம்பாததால், சனிக்கிழமை கிஷாந்த் பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். மகேஸ்வரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் நேத்து மட்டும் மூணு தரம் சொல்லிப் பாத்தேன். 'சார் சுகமாயிட்டாருல்ல'ங்குறாங்க. மேடையில கட்டினத மேடையிலதான் அவுக்கணும்."

"என்னைத் தொரத்திருவாங்களே ஐயா."

"தொரத்தினா தொரத்தட்டும். அந்தம்மா ஒரு வாரமா குளிசையில்லாம இருக்கா."

ஞாயிறு வந்தது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி கதவுவரை வந்து நின்றது. கிஷாந்த் மேடை ஏறினான்.

"நான் பொய் சொன்னேன். எனக்குச் சீனி வருத்தம் வந்ததே இல்ல. போனதும் இல்ல. உங்க கேக்க என்னால சாப்பிட முடியல. அதச் சொல்லத் தைரியம் இல்ல."

நிரஞ்சனி வாயில் கையை வைத்தாள். கீபோர்டில் ஒரு கட்டை தவறுதலாக அழுந்தி நின்றது.

"நீங்க எனக்காகப் பட்டினி கெடந்தீங்க. மன்னிச்சிருங்க. ஆனா..." மனைவியின் அடக்கத்தில்கூட உடையாத குரல் அங்கே உடைந்தது. "ஒருத்தர வழியனுப்பிட்டேன். இன்னொருத்தர அனுப்ப என்னால ஏலாது. இலட்சுமி அக்கா, கும்புட்டுக் கேக்குறேன். இன்னைக்கே குளிசையப் போடுங்க."

மூன்றாவது வரிசையில் இலட்சுமி மெல்ல எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்களை ஒரு தரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஐயோ, அழாதீங்க சார்! நான் ஒரு வேளகூட குளிசைய விடல. கர்த்தருக்குப் போட்டது டேட் முடிஞ்ச அட்டை."